சூரியன் மலையேறிய சாயங்காலம்

துருவா கண்ணு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை நீ முடித்துவிடுகிறாய். "சரிம்மா, புரியுதும்மா, நீ என்ன சொல்லப்போறன்னு எனக்குத் தெரியும்மா" என்கிறாய். தெரியாது கண்ணு. அதனால்தான் இன்றைக்குக் கடையைத் திறக்காமல் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். கடைசிப் பக்கம் வரைக்கும் படி. நடுவில் நீ கூப்பிட்டால் நான் போனை எடுக்கப் போவதில்லை.

நேற்று நீ சொன்னதுதான் விஷயம். "நான் சிலிக்குப் போகலம்மா. திங்கக்கெழம மெயில் போட்டுடறேன், அவங்க வேற ஆளப் பாத்துக்கட்டும். அப்பாவ இப்படி வுட்டுட்டு நான் எங்க போறது?" என்றாய். நான் பதில் பேசாமல் வைத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமும் இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் பேசாததற்குக் காரணம் வேறு. கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். உன் அப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, நீ சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

உனக்கு என் பேச்சில் நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும். "அப்பா எப்படி இருக்காரு?" என்று நீ கேட்கிறாய், "நல்லா இருக்காருடா, பேச்சு வருது" என்று நான் சொல்கிறேன், "நீ எப்பவும் அப்படித்தாம்மா சொல்லுவ" என்று நீ பெருமூச்சு விடுகிறாய். தப்பு உன்னுடையது இல்லை. நான் வாயால் கெட்ட வார்த்தை சொல்லாதவள். கெட்ட வார்த்தை என்றால் திட்டு இல்லை. திட்டு எனக்குத் தாராளமாக வரும், அதை நீயே வாங்கி அனுபவித்திருக்கிறாய். அபசகுனமான சொல் வாயில் வரக்கூடாது என்று பென்னாகரத்தில் எங்கள் வூட்டில் வளர்த்தார்கள். அரிசி தீர்ந்துபோனால் "அரிசி நெறைஞ்சிருக்கு" என்பேன். நீ சின்ன வயதில் அதை நம்பி டப்பாவைத் திறந்து பார்த்து, உள்ளே தலையை விட்டு, "அம்மா பொய் சொல்லுது" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாய். சாமி விளக்கை அணை என்று சொல்ல மாட்டேன், மலையேற்று என்பேன். மாங்காய் லாரிகள் ஓடுகிற சீசனில் அப்பா கடையில் சரிந்து விழுந்தபோது உனக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு லேசா தலைசுத்தலா இருக்குது, நேரம் கெடைச்சா வந்துட்டுப் போ" என்றேன். நீ ஓசூரிலிருந்து சாவகாசமாக பஸ் பிடித்து வந்து பார்த்தால், அவர் பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். அன்றையிலிருந்து நான் நல்லாருக்கு என்றால் நீ அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறாய். ஆகவே இந்தக் கடிதத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். எந்தச் சொல்லையும் மலையேற்றப் போவதில்லை.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது பார்த்ததுதான் உன் மனதில் நிற்கிறது. வலது கை மடியில் கிடந்தது, வலது காலை இழுத்து நடந்தார், வாயில் இருந்தது ஒரே ஒரு சொல். கயிறு. டீ வேண்டுமென்றால் கயிறு, பாத்ரூம் போக வேண்டுமென்றால் கயிறு, டிவியை நிறுத்து என்றால் கயிறு. எல்லா வார்த்தையும் போய், வாழ்நாளெல்லாம் லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாயோடு சேர்த்து விற்ற அந்தக் கயிறு மட்டும் நாக்கில் தங்கியிருந்தது. நீ ஊர் கிளம்பும்போது உன் கன்னத்தைப் பிடித்து "கயிறு, கயிறு" என்று அழுதார். நீ பஸ் ஏறும்வரை அழாமல் இருந்ததை நான் பார்த்தேன். உனக்கு அந்தச் சிலி வேலை கிடைத்த சேதி அதற்கப்புறம்தான் வந்தது.

வானத்தைப் பார்க்கிற பெரிய தொலைநோக்கி, மலை உச்சியில், மனிதர் நடமாட்டமில்லாத பாலைவனத்தில். அதன் கருவிகள் சூடாகாமல் குளிர்ச்சியாக வைத்திருக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பக்கத்து வூட்டு சரோஜாக்காவிடம் சொன்னேன். "சில்லியா? மொளகாயி பேர்ல ஒரு நாடா? காரமா இருக்கப்போவுது, பாத்து அனுப்பு" என்றாள். உன் அப்பா மட்டும் முன்னைப்போல இருந்திருந்தால் அதியமான்கோட்டையில் நிற்கிற லாரிகளையெல்லாம் மறித்து ஒவ்வொரு டிரைவருக்கும் சொல்லியிருப்பார். விழுவதற்கு முன்னால், அந்த வேலைக்கு உன்னை விண்ணப்பம் போடச் சொல்லி நச்சரித்ததே அவர்தானே.

இங்கே அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கடையில் கல்லாவுக்குப் பின்னால், நைலான் கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே, அட்டை கிழிந்துபோய்த் தார்ப்பாய்த் துண்டால் அட்டை போட்டு வைத்திருப்பாரே, அந்த வெள்ளைக்காரரின் விண்வெளிக் கதைகள். தமிழில் மொழிபெயர்த்தது. கல்யாணத்துக்கு முன்பே அதை வைத்திருந்தார், ஆக அந்த வூட்டில் எனக்கு மூத்த சக்களத்தி அந்தப் புத்தகம்தான். வியாபாரம் இல்லாத நேரமெல்லாம் அதில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். தக்காளி லாரிக்குக் கயிறு வாங்க வந்தவன் கத்திக் கத்திக் கூப்பிட வேண்டும். நான் எரிச்சலில் உன்னிடம், "உங்கப்பா வேற கிரகத்துல இருக்காரு, கூப்புட்டாக் காதுல வுழாது" என்பேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் உன்னை அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டபோது நீ எழுந்து நின்று, "வேற கிரகத்துல இருக்காருங்க டீச்சர்" என்றாய். அந்தம்மா அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டதோ, சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எனக்கு ஆறுதல் சொல்ல வந்துவிட்டது. உன் அப்பாதான் கதவைத் திறந்தார். டீச்சர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நான் அந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை. எனக்குப் பிடித்தது வாரப் பத்திரிகைத் தொடர்கதை. மாமியார், நாத்தனார், நகை காணாமல் போவது, கடைசியில் எல்லாரும் ஒன்றுசேர்வது. அந்தரத்தில் பறக்கிறவன் என்ன சாப்பிட்டான் என்றுகூட எழுதாத கதையில் எனக்கு என்ன வேலை?

தீபாவளி முடிந்து நீ போன பிறகு, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பொண்ணு, கவிதா என்று பெயர், என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். உன் வயதுதான் இருக்கும். "அம்மா, நீங்க ஒண்ணு பண்றீங்க, அத நிறுத்தணுங்க" என்றாள். நான் பயந்துவிட்டேன். "அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க சொல்லி முடிச்சுடறீங்க. டீயா, தண்ணியா, வலிக்குதான்னு அடுக்கிட்டே போறீங்க. அவரு எப்பங்க பேசுவாரு?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நீ என்னிடம் செய்வதை நான் அவரிடம் செய்துகொண்டிருந்திருக்கிறேன். இது நம் இரண்டு பேரின் வியாதி. எதிராளி தவிக்கிறதைப் பார்க்கப் பொறுக்காது, உடனே அவர்கள் வாயில் வார்த்தையைத் திணித்துவிடுவோம். அதற்குப் பாசம் என்று பெயரும் வைத்துக்கொள்வோம். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவள் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிரு. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே.

"அவருக்கு முன்னாடி என்னங்க பிடிக்கும்?" என்று கவிதா கேட்டாள். சாமி பாட்டு என்றேன், ஏனென்றால் எனக்குப் பிடிக்கும். பேச்சு போனவர்களுக்குப் பாட்டு வருமாம், முயற்சி பண்ணலாம் என்றாள். நான் தினமும் முருகன் பாட்டைப் பாடிக் கொன்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்தி என்று நான் நினைத்தேன். சரோஜாக்காதான் எட்டிப் பார்த்து, "ஏன் புள்ள, அவரு தாங்க முடியாமக் கண்ண மூடிக்கிறாரு, உனக்குத் தெரியல?" என்றாள். அதற்குப் பிறகுதான் புத்தி வந்து, கடையிலிருந்து அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வந்தேன். அதைப் பார்த்ததும் அவர் இடது கையை நீட்டினார். வாங்கி, முகர்ந்து பார்த்து, மடியில் வைத்துக்கொண்டார். ஆனால் எழுத்து அவருக்குக் கூடவில்லை. பக்கத்தை வெறித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து கடையை அடைத்து வந்து, விளக்கு வைத்ததும் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஜோனத்தான் என்று இருந்ததைச் சோணத்தான் என்று படித்தேன். அப்புறம் அதுவும் அலுத்து மாதேஷ் என்று வைத்துவிட்டேன். மாதேஷ் விண்கலத்தில் ஏறினான், மாதேஷ் பொத்தானை அழுத்தினான். உன் அப்பா முகத்தைச் சுளித்தார், நான் கண்டுகொள்ளவில்லை. கதைகள் எனக்குப் பிடிபடாமல்தான் இருந்தன. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வெள்ளைக்காரர் ஆள் மோசமில்லை. எவ்வளவு தூரத்துக் கிரகமாக இருந்தாலும் அங்கே ஒருத்தி சமையல் ருசியில்லை என்று புருசனைத் திட்டிக்கொண்டுதான் இருப்பாள்.

கார்த்திகை மாதம் ஒரு சாயங்காலம். அன்றைய கதையில் ஒரு சின்னக் கிரகம், அதற்கு ஒரு வயதான சூரியன். சூரியன் தீரப்போகிறது என்று எல்லாரும் கப்பல் கப்பலாக ஏறிப் போய்விடுகிறார்கள். ஒரு புருசன் பெண்டாட்டி மட்டும் போகவில்லை. அவர்கள் வளர்க்கிற மாடு மாதிரி ஏதோ ஒரு பிராணி, அது கன்று போடுகிற சமயம். அதை விட்டுவிட்டு ஏற அந்தப் பெண்ணுக்கு மனசு வரவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று, விறுவிறுவென்று படித்தேன். கடைசிக் கப்பலும் போய்விடுகிறது. இரண்டு பேரும் தொழுவத்து வாசலில் நிற்கிறார்கள். அடுத்த வரி, "சூரியன் அணைந்தது."

எதிரே சாமி விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சொல் என் வாயில் எப்படி வரும்? நான் யோசிக்கக்கூட இல்லை. "சூரியன் மலையேறிடுச்சு" என்று படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

நாற்காலிக் கையில் டொம்மென்று ஓர் அடி விழுந்தது. உன் அப்பா இடது கையால் அடித்திருந்தார். "கயிறு! கயிறு!" என்று கத்தினார். கண்ணு ரெண்டும் வெளியே வந்துவிடும்போல இருந்தது. நான் புத்தகத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன், டீயா தண்ணியா என்று கேட்கப் போனேன், கவிதா சொன்னது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "அ..." என்றார். நிறுத்தினார். "அ... அ..." உதட்டோரம் எச்சில் வழிந்தது, துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்.

"அணைஞ்சுது!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். "வெளக்கு வெச்ச நேரத்துல என்ன வார்த்தைங்க அது? வாயக் கழுவுங்க மொதல்ல!" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான், கயிறு இல்லாத ஒரு சொல்லை உன் அப்பா பேசியிருக்கிறார் என்பது என் மண்டைக்கு ஏறியது. அவருக்கும் அப்போதுதான் ஏறியது. வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக என் கல்யாணத்தன்றுகூட நான் இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பொறுமை போய், கீழே கிடந்த புத்தகத்தைக் காலால் என் பக்கம் தள்ளினார். கதை பாதியில் நிற்கிறதே, அவருக்கு அதுதான் கவலை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை உள்ளபடியே படித்தேன். சூரியன் அணைந்தது. விளக்கு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலும் கதையில் அரைப் பக்கம் மிச்சம் இருந்தது கண்ணு. அந்தக் கும்மிருட்டில் தொழுவத்துக்குள்ளே கன்று பிறக்கிறது. அதன் தோல் மினுக்கென்று வெளிச்சம் விடுகிறது. தாய்க்கும் தோலில் அதே வெளிச்சம் இருந்திருக்கிறது, சூரியன் இருந்தவரை யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்த வெளிச்சத்தில் அவன் அவள் முகத்தைப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. நான் பாட்டுக்கு மலையேற்றிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கன்று எதற்கு வெளிச்சம் விடுகிறது என்றே எனக்கு விளங்கியிருக்காது.

மறுநாள் கவிதாவிடம் சொன்னேன். அவள் குதிக்காத குறை. "தப்பாப் படிச்சா அவருக்குப் பொறுக்கல பாருங்க, அந்த வேகத்துலதான் சொல்லு வந்திருக்குது" என்றாள். எனக்கு அது போதாதா? அன்று முதல் வேண்டுமென்றே தப்பாகப் படித்தேன். முப்பது வருசத்துக்கு மேல் என் பேச்சில் குற்றம் கண்டுபிடித்தே பொழுதைப் போக்கிய மனுசன், விடுவாரா? வியாழன் என்பதை வெள்ளி என்றேன். "வி... வியாழன்" என்றார். ரோபோ சிரித்தது என்றேன். "இல்ல" என்றார், கொஞ்சம் பொறுத்து "அழுவாது, சிரிக்காது" என்றார். ஒரு சொல் வர நெடுநேரம் ஆகும். நான் விரலைக் கடித்துக்கொண்டு காத்திருப்பேன். அந்தப் புத்தகத்திலேயே ஒரு கதை இருக்கிறது. தூரத்துக் கிரகத்துக்குப் போன மகன், இன்றைக்கு என்னம்மா சமையல் என்று கேட்கிறான். அந்தக் கேள்வி பூமிக்கு வந்து சேரவே வருசக்கணக்கு ஆகிறது. அவள் பதில் சொல்லிவிட்டு, அது போய்ச் சேர்கிறவரை அதே குழம்பையே தினமும் வைத்துக்கொண்டு இருக்கிறாள், சொன்னது பொய்யாகிவிடக்கூடாதாம். முன்னே நான் அதைப் பைத்தியக்காரி கதை என்று சொல்லியிருப்பேன். இப்போது அந்தம்மாவைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

போன வாரம் மாட்டிக்கொண்டேன். "எல்லாரும் செவ்வாய்ல எறங்கி சூடா டீ குடிச்சாங்க" என்று படித்தேன். அவர் என்னையே பார்த்தார். "டீ... இல்ல" என்றார். "புக்குல அப்படித்தாங்க போட்டிருக்கு" என்றேன். "காட்டு." புத்தகத்தை வாங்கினார். இடது கை ஆள்காட்டி விரலை வரிமேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். நகர்த்தினார் என்றால் படித்தார் என்று அர்த்தம், துருவா. எழுத்து அவருக்குத் திரும்பி வந்திருக்கிறது. வரி முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, பாதி வாயால் சிரித்து, "திருடி" என்றார். என்னை இதுவரைக்கும் யாரும் இவ்வளவு அழகாகக் கூப்பிட்டதில்லை.

இதையெல்லாம் உன்னிடம் "பேச்சு வருது, நல்லாருக்காரு" என்று போனில் சொன்னேன். நீ நம்பவில்லை. கேட்டதை நம்பாமல், தீபாவளிக்குப் பார்த்ததை வைத்து முடிவுக்கு வந்துவிட்டாய். அப்பா கதை அவ்வளவுதான் என்று நீயே கடைசிப் பக்கத்தை எழுதிப் புத்தகத்தை மூடிவிட்டாய்.

நேற்று உன் போனுக்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. புத்தகத்தை எடுத்தேன், வேண்டாமென்று தலையாட்டினார். காலையில் பல் தேய்த்துவிட்டு உட்கார வைத்தேன். "கயிறு" என்றார். என் உயிர் போய்விட்டது. களைத்துப்போனாலோ மனசு உடைந்தாலோ பழைய சொல் திரும்பி வரலாம் என்று கவிதா சொல்லியிருக்கிறாள். "கயிறு" என்றார் மறுபடியும். நான் எதையும் கேட்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். காபி ஆறியது. வாசலில் பால்காரர் மணி அடித்துவிட்டுப் போனார். "பையன்..." என்றார். "பையன... கயித்த... அவுழு." இடது கையால் முடிச்சைப் பிரிக்கிற மாதிரிக் காட்டினார். "அவுத்து... வுடு."

கடையில் உட்கார்ந்து, இறுக்கிக் கட்டு, இன்னும் ஒரு சுத்துச் சுத்து என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனுசன். அத்தனை மாதமும் டீக்கும் தண்ணீருக்கும் பாத்ரூமுக்கும் சொன்ன அந்தச் சொல், இன்று காலையில்தான் கயிற்றையே குறித்தது. சொல்லிவிட்டு, எனக்குப் புரிந்ததா என்று பார்த்தார். "புரிஞ்சுதுங்க" என்றேன். அப்புறம்தான் ஆறிப்போன காபியைக் குடித்தார்.

இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, கேட்டுக்கொள். அப்பாவின் வலது கை திரும்ப வராது. டாக்டர் சொல்லிவிட்டார். நடை இன்னும் கொஞ்சம் சீராகும், அவ்வளவுதான். முன்போல வாய் ஓயாமல் பேசமாட்டார். ஒரு நாள் நிறையச் சொற்கள் வரும், மறுநாள் வராது. அந்த நாட்களில் அவருக்கு வெறி வரும், தட்டை வீசுவார், எனக்கு அழுகை வரும். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். முடிச்சுப் போடத் தெரியாத லாரிக்காரன் யாராவது வந்தால், இவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் "தப்பு, தப்பு" என்று சொல்லிக்கொண்டிருப்பார், நல்ல பயிற்சி. எனக்கும் முட்டி வலிக்கிறது. நீ அந்த மலைமேல் இருக்கும்போது எங்களில் ஒருவர் செத்துப்போகலாம். எழுதிவிட்டேன் பார், செத்துப்போகலாம் என்று. அப்படி நடந்தால் நீ வந்து சேரும்வரை யாரும் காத்திருக்க முடியாது, மற்றவர்கள் எடுத்துக் காரியத்தைச் செய்துவிடுவார்கள். நீ இதைத் தெரிந்துகொண்டே கிளம்ப வேண்டும். தெரியாத மாதிரி நான் அனுப்பிவைத்தால் அது ஏமாற்று வேலை.

நீ இங்கேயே இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். நீ தினமும் அவர் முன்னால் உட்காருவாய். அவர் வாயைத் திறக்குமுன் தண்ணீர் கொண்டுவருவாய். ரொம்ப நல்ல பிள்ளை என்று சரோஜாக்கா சொல்வாள். உன்னைப் பார்க்கிறபோதெல்லாம், தன்னால் நீ போகாமல் நின்றாய் என்பது அவருக்குத் தோன்றும். அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு அவருக்குப் பேச்சு வருமா? எனக்குத் தெரிந்து வராது. கடமை என்று நீ சொல்வதில் பாதி பயம், கண்ணு. பயப்படுவது தப்பில்லை, நானும்தான் பயப்படுகிறேன். அதற்குக் கடமை என்று பேர் வைக்காதே, அவ்வளவுதான்.

ஆகவே திங்கட்கிழமை மெயில் போடு. வருகிறேன் என்று போடு. குளிருக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள், இங்கே வாங்காதே, ஏமாற்றுவான், பெங்களூரில் வாங்கு. போவதற்கு முன் ஒரு வாரம் வூட்டுக்கு வந்து இரு. அப்பா பேசுவதை உன் காதால் கேட்டுவிட்டுப் போனால் அங்கே தூக்கம் வரும்.

அந்தப் புத்தகத்தை முழுசாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுகிறேன். அந்த ஊரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவுக்கு ஒரு கதை படித்துக் காட்ட வேண்டும். என் தப்புகளெல்லாம் அவருக்குப் பழகிவிட்டன, வாயைத் திறக்குமுன்பே கண்டுபிடித்துவிடுகிறார். நீ நன்றாகப் படித்தவன், அதனால் எனக்கு ஒரே ஒரு கவலைதான். எல்லாவற்றையும் சரியாகப் படித்துத் தொலைக்காதே. அங்கங்கே தப்பாகப் படித்துவிட்டுச் சும்மா இரு. எவ்வளவு நேரமானாலும் போனை வைக்காதே, அவர் பேசுவார்.

உன் அம்மா